பூனைக்குப் பேர் வைத்தவர்கள்

எங்கள் சபைக்கு வருகிற டிசம்பரோடு நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். போன வாரம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து, பழைய ஆட்களில் நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால் 'சபைக்கு உழைத்தோர்' பகுதியை நானே எழுதித் தர வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு பட்டியலையும் நீட்டினார்கள். ஆயர்கள் பதினொரு பேர், துரைமார் நான்கு பேர், ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்த குடும்பம், பிரசங்க மேடைக்கு மேல் மின்விசிறி மாட்டிக் கொடுத்த குடும்பம். மின்விசிறிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மின்விசிறி சுற்றி நான்கு வருஷம் ஆகிறது.

பதினெட்டு வருஷம் மணியடித்த தபீதாள் எங்கே என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடம் இருந்தால் நாலு வரி போடலாம், ஆனால் அந்தப் பூனை விவகாரம் மட்டும் வேண்டாம் என்றார்கள். வந்த கோபத்தில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பூனை விவகாரத்தை எடுத்துவிட்டு அவளைப் பற்றி எழுதுவதும், எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். எனக்கு நாலு வரி வேண்டாம். முழுதாக எழுதுகிறேன், போட்டால் போடட்டும்.

தபீதாள் குடிபாலா பக்கத்துப் பெண். ஏழு வயதில் தாய் தகப்பன் இருவரையும் காலராவுக்குக் கொடுத்துவிட்டு மிஷன் போர்டிங்குக்கு வந்தவள். அங்கே ஐந்தாவது வரை படித்தாள். பதினெட்டு வயதில் ஒரு லாரி கிளீனருக்குக் கட்டி வைத்தார்கள். அவன் மெட்ராஸுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கொஞ்ச காலம் அங்கே இங்கே வீட்டு வேலை செய்துவிட்டு, ஐம்பத்தைந்தில் சித்தூருக்கு வந்து எங்கள் கோயிலில் பெருக்கி, மணியடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஆயர் அங்கி மாட்டுகிற பின்னறையை ஒட்டி அவளுக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இவ்வளவோடு குடித்தனம் வைத்தாள்.

சாந்த சொரூபி என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சேற்றுக் காலோடு வந்த கமிட்டித் தலைவரை வாசலிலேயே நிறுத்தி, தண்ணீர் மொண்டு கொடுத்துக் கழுவச் சொன்னவள் அவள். பிரசங்கம் நீண்டுவிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு இடுப்பில் இருக்கும் சாவிக் கொத்தை மெதுவாக ஆட்டுவாள். ஆயர் புரிந்துகொண்டு முடித்துவிடுவார்.

எங்கள் கோயிலில் ஒருவர் இறந்தால், அவருக்கு எத்தனை வயதோ அத்தனை மணி அடிப்பது வழக்கம். ஒன்று கூடக்கூடாது, ஒன்று குறையக்கூடாது. அதனால் சபையில் உள்ள எல்லாருடைய வயதும் தபீதாளுக்கு மனப்பாடம். எந்தப் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று பெற்றவர்களுக்கு மறந்து போனால்கூட அவளிடம்தான் வருவார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஊரையெல்லாம் ஏமாற்றினாலும் அவளிடம் மட்டும் வயதை மறைக்க முடியாது.

இனி பூனைகள். கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. அதில் இரண்டு பூனைகள் திரிந்தன. ஒன்று, காது கிழிந்த வெள்ளைப் பெட்டை. இன்னொன்று, கறுப்புக் கடுவன். அவை யார் வீட்டுப் பூனைகள் என்று கேட்டால் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழையும், எந்த வீட்டிலும் தங்காது. பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவார்கள். வேதாகமப் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்துப் பழகிய ஜனங்கள், பூனையைச் சும்மா விடுவார்களா? என் பெண்கள் வெள்ளைப் பூனைக்கு லேயாள் என்று பேர் வைத்தார்கள். அதே பூனை பக்கத்து வீட்டுக்குப் போனால் அங்கே ராகேல். அந்த வீட்டுக்காரர் சுந்தர்ராஜ், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கறுப்புக்கு எதிர்வீட்டில் சாமுவேல் என்று பேர். அது எர்னஸ்டின் வீடு. அவர் பாங்கில் குமாஸ்தா.

பேர் வைக்காதவள் தபீதாள் ஒருத்திதான். "வாடி", "போடா", அவ்வளவுதான் அவளுடைய பேச்சு. ஆனால் சாயங்காலம் தட்டு வைப்பது அவள். அவள் வடிக்கிற சோற்றில் பாதி அந்த இரண்டுக்கும் போகும்.

எழுபத்து மூன்றில் எங்கள் பக்கம் மழை இல்லை. வெளிச்சந்தையில் அரிசி கண்ணில் படவில்லை. ரேஷன் கடையில் ஆளுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்குப் பாதி என்று அளந்தார்கள். புதிதாகக் கார்டு எழுதும் வேலையை எப்போதும்போல வாத்தியார்கள் தலையில் கட்டினார்கள். எங்கள் சந்துக்கு நான் வாத்தியார்.

என் வீட்டில் ஐந்து பிள்ளைகள். கடைசிப் பெண் கிருபாவதி கைக்குழந்தை. பசி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பசியின் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை. எர்னஸ்டுக்கு இரண்டே பிள்ளைகள், நல்ல சம்பளம். ஆக, செய்ய முடிந்தது, செய்தோம். என் வீட்டுக் கார்டில் ஐந்து பிள்ளைகளுக்குக் கீழே ஆறாவதாக, 'லேயாள், மகள், வயது நான்கு' என்று என் கையால் எழுதினேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுந்தர்ராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் கார்டில் ராகேலை எழுதச் சொன்னார். அது அதே பூனைதானே என்றேன்.

"உன் கார்டுல லேயாள், என் கார்டுல ராகேல். கடைக்காரனுக்கு இன்னா தெரியும்?" என்றார் அவர்.

எர்னஸ்ட் சிரிக்கவே இல்லை. சாமுவேலுக்கு வயது ஆறு என்று மட்டும் சொன்னார். ஆக, இரண்டு பூனைகள் மூன்று பிள்ளைகள் ஆயின. எட்டு மாதம் அந்த மூன்று பேர் பங்கு அரிசியை வாங்கித் தின்றோம். நான் சொல்ல வருவது இதைத்தான்: அந்த எட்டு மாதத்தில் எங்கள் மூன்று வீட்டிலிருந்தும் ஒரு பருக்கைகூட அந்தப் பூனைகளுக்குப் போகவில்லை. தபீதாளின் கார்டில் ஒரே ஒரு வரி, ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் அரிசியில்தான் அவை வளர்ந்தன.

பிறகு கார்டு சரிபார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி எண்ணினார். லேயாள் எங்கே என்றார். புத்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். சுந்தர்ராஜின் ராகேல் நகரிக்குப் போயிருந்தாள். எர்னஸ்டின் சாமுவேல் சத்தியவேட்டுக்குப் போயிருந்தான். ஒரே சந்தில் மூன்று பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஊருக்குப் போனது மனிதருக்கு உறுத்தியது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி வேறு வேறு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வேறு சந்தாக இருந்தால் அவர் அத்தோடு விட்டிருப்பார். ஆனால் அவர் இதற்கு முன் இருந்த ஊரிலும் எங்கள் ஜனங்கள் உண்டு. "உங்களவங்களுக்கு ஞானஸ்நானப் புஸ்தகம் இருக்கே, அதுல எல்லாப் பிள்ளைங்களும் இருக்கணுமே" என்றார். கார்டில் பொய் எழுதத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் பிள்ளைகளின் பேர் கோயிலில் ஒரு புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

ஆயர் ஒரு கிராமத்துக்கு ஆராதனைக்குப் போயிருந்தார். பின்னறைச் சாவி தபீதாளிடம். திறந்தாள். பீரோவிலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில் சுந்தர்ராஜ் அவள் காதோரம், "இருக்குதுன்னு சொல்லிடு தபீதா, அவருக்குப் படிக்கத் தெரியாது" என்றார். நான் கேட்டேன். கேட்டும் சும்மா இருந்தேன். அவள் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஜெபம்கூடச் செய்தேன்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழு வருஷத்துப் பக்கங்களையும் புரட்டினாள். அவளுக்குப் புத்தகமே தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். இருந்தும் புரட்டினாள். எங்களில் யாராவது ஒருவர் வாயைத் திறப்போம் என்று காத்திருந்தாள் என இப்போது தோன்றுகிறது.

கடைசியில், "இந்தப் பேருங்க இதுல இல்ல சார்" என்றாள்.

அப்படியானால் இவர்கள் யார் என்று இன்ஸ்பெக்டர் எங்களைக் கேட்டார். அரசாங்கத்தை ஏமாற்றியதற்குக் கேஸ் போட்டால் மூன்று பேருடைய வேலையும் போய்விடும் என்றார். அந்த நேரம் பார்த்து வெள்ளைப் பூனை உள்ளே வந்து, மேசைக்கு அடியில் நுழைந்து, என் காலில் உரசிக்கொண்டு நின்றது.

"பிள்ளைங்க இல்ல சார், பூனைங்க" என்றாள் தபீதாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். யாருடைய பூனை என்று கேட்டார். தெருப் பூனை, யாருடையதும் இல்லை என்றார் எர்னஸ்ட். எங்கள் வீட்டுப் பக்கமே வராது என்றார் சுந்தர்ராஜ். எனக்குத் தெரியாது என்றேன் நான். மூன்று பேர், மூன்று மறுதலிப்பு. அதுவும் கோயிலுக்குள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு ஒருவனாகவே மூன்று தரம் சொன்னதை நாங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம். அவனாவது பிறகு வெளியே போய் அழுதான்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இருந்திருக்கும். கார்டு எழுதிய வாத்தியார் யார், தெரியாத பூனைகளின் பேர் எப்படி உள்ளே வந்தது என்று அவர் என்னைக் கேட்டார். நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "சந்துல எல்லார் பிள்ளைங்க வயசும் இந்தம்மாவுக்குத்தான் தெரியும் சார். இவங்க சொல்லச் சொல்லத்தான் நான் எழுதினேன்" என்றேன்.

தபீதாள் என்னைப் பார்த்தாள். நிஜமா என்று அவர் அவளைக் கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை அவள்.

"பூனைங்க என்னுதுதான் சார். சோறு போட்டுக்கினு இருக்கறவ நான். இவங்க பேரு வெச்சவங்க, அவ்ளோதான்."

இதைவிட நிஜத்தை யார் சொல்ல முடியும்? அந்த மனிதருக்கும் புரிந்தது. புரிந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். ஆனால் ஒரு வாத்தியார், ஒரு கம்பவுண்டர், ஒரு பாங்கு குமாஸ்தா என்று மூன்று பேர்மேல் கேஸ் எழுதினால் எத்தனை கட்டுக் காகிதம், எத்தனை நடை! பெருக்குகிற பெண்பிள்ளை ஒருத்தியின் கார்டு என்றால் ஒரே வரி. எங்கள் கார்டுகளிலிருந்து அந்தப் பூனைப் பேர்களை மட்டும் அடித்துவிட்டு, பூனைகளைப் பிள்ளைகள் என்று எழுத வைத்தவள் என அவள் கார்டைப் பறித்துக்கொண்டு போனார். தன் பங்கைப் பூனைக்குப் போட்டவளுக்கு, பூனையின் பங்கைத் தின்ற நாங்கள் வாங்கிக் கொடுத்த தண்டனை அது.

அத்தோடு முடிந்ததா? கதை ஊரில் பரவியது. பிற மதத்தவர் சிரிக்கிறார்கள், சபைக்கு மானம் போயிற்று என்று கமிட்டி கூடியது. கமிட்டியில் யார் யார்? எர்னஸ்ட் பொருளாளர். சுந்தர்ராஜ் அங்கத்தினர். நான் செயலாளர். ஆயர் நல்ல மனிதர்தான், சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டே எல்லா அநியாயத்துக்கும் தலையாட்டுவார். சபைக்கு அவப்பேர் உண்டாக்கிய காரணத்தால் தபீதாளை வேலையிலிருந்து நீக்குவது, பத்து நாளில் அறையைக் காலி செய்யச் சொல்வது என்று தீர்மானம். கை தூக்கினேன். தீர்மானத்தை நல்ல கையெழுத்தில் நானே மினிட் புத்தகத்தில் எழுதினேன். மலர் போடுகிறவர்கள் வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம், பிழை ஒன்றும் இருக்காது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது அப்போது. சொந்தம் என்று சொல்ல நகரியில் ஒரு போர்டிங் தோழி, அவ்வளவுதான். போகிற அன்று காலை கோயிலை ஒரு தடவை முழுக்கப் பெருக்கினாள். சாவிக் கொத்தைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் என் வீட்டுக்குத்தான் வந்தாள். என் மனைவி எலிசபெத் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். தபீதாள் அழவில்லை, திட்டவும் இல்லை. சாவியை வைத்துவிட்டுப் போனாள். வாய் நீளமானவள் ஒரு வார்த்தை பேசாமல் போனது எனக்குச் சவுக்கடியாக இருந்தது.

பூனைகள் அவளோடு போகவில்லை. பூனைகளுக்கு நம்மைப்போல டிரங்குப் பெட்டி கட்டத் தெரியாது. கறுப்பு இரண்டே நாளில் எங்கோ போய்விட்டது. வெள்ளை மட்டும் பூட்டிய அறை வாசலில் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்தது. பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்து கத்தியது. எலிசபெத் ஒரு நாள் மோர்ச் சோறு பிசைந்து எடுத்துப் போனாள். நான் தடுத்தேன். நாம் சோறு போட்டால் அது நம் பூனை என்று ஆகிவிடும், அன்றைக்குச் சொன்னது பொய் என்று நாலு பேர் பேசுவார்கள் என்றேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. துடைப்பத்தை எடுத்து அதை விரட்டினேன். என் பெண்கள் யாரும் அதன் பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் போல வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, மனது பொறுக்காமல் நகரிக்குப் போனேன். கோவர்த்தனன் என்ற நெசவுக்காரர் வீட்டில் ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறி போடுகிற சத்தத்தில் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்ததும், "வாங்க வாத்தியாரே" என்று பாய் விரித்தாள். தலை நரைத்திருந்தது. அவளைச் சுற்றி நாலைந்து பூனைகள். உங்கள் வீட்டுப் பூனைகளா என்று கோவர்த்தனனைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நான் செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. அன்றைக்கு ஏன் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை மாட்டிவிடவில்லை என்று கேட்டேன்.

ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள். "அப்போ உங்க கிருபாவதிக்கு ஒம்போது மாசம். எனக்குத் தெரியாதா?"

வயதுக் கணக்கெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள். அந்தப் பின்னறையில் புத்தகத்தைப் புரட்டியபோது என் ஐந்து பிள்ளைகளின் வரிகளையும் அவள் தாண்டித்தான் போயிருப்பாள். எனக்குத் தலை நிமிரவில்லை. கஞ்சி கொடுத்தாள், குடித்தேன். கிளம்புகிறபோது வாசல்வரை வந்தாள். அவள் வாயில் அந்தப் பேரை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"லேயாளுக்கு யாரு சோறு போடறாங்க?"

நான்தான் போடுகிறேன் என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றில் நகரியிலேயே இறந்து போனாள். கோவர்த்தனன் தபால் கார்டு எழுதியிருந்தார். ஐம்பத்தேழு மணி அடிக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். நீக்கப்பட்டவருக்கு மணியடிப்பது முறையில்லை என்றார்கள். அவர்கள் காட்டிய முறை, நான் எழுதிய தீர்மானம்தான்.

மலர்க் கமிட்டியாருக்கு ஒன்று சொல்கிறேன். இதில் ஒரு வரியை எடுத்தாலும் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள். மின்விசிறிக்கு வேண்டுமானால் ஒரு முழுப் பக்கமே கொடுத்துக்கொள்ளுங்கள். போடுவதாக இருந்தால், எழுதியவர் பேருக்குக் கீழே ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் செயலாளர் என்றெல்லாம் அடுக்க வேண்டாம். அரசாங்கக் கார்டில் என் கையாலேயே எழுதிய ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள்.

கிருபானந்தம்,
லேயாளின் தகப்பன்.